தோல் பையைச் சொந்தப் பெயரில் விற்க நினைக்கிறீர்களா? எந்தக் காகிதம் முதலில்?

சித்தப்பா தைத்த பை ஒன்று டொராண்டோ வரை போய், நாற்பத்திரண்டு நாள் கழித்துப் பல்லாவரத்துக்கே திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்தால் மூடியின் உள்பக்கம் முழுக்கப் பூஞ்சை. தப்பு என்னுடையது. காசு வாங்கி விற்ற பையை ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பியிருந்தேன். அங்கே சுங்கத்தில் பில் கேட்டார்கள், என்னிடம் பில் இல்லை. வாங்கிய அக்காவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பையை சித்தப்பா துடைத்து, நிழலில் உலர்த்தி, இப்போது மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகிறார்.

அவர் முப்பத்தோரு வருடம் அடுத்தவர் பட்டறையில் பை தைத்தவர். கடைசியாக வாங்கிய கூலி ஒரு பைக்கு 450 ரூபாய். அதே பையைச் சொந்தப் பெயரில் விற்கலாம் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். காகித வேலையில் எனக்கு எட்டு மாதம் போனது. அதில் ஐந்து மாதம் வரிசை தெரியாமல் அலைந்ததால் வீணானது. நான் முதலில் ஏற்றுமதி எண்ணுக்கு ஓடினேன், பிறகு ஜிஎஸ்டிக்கு, கடைசியில்தான் அவருடைய ஆதாரை ஒழுங்காகப் பார்த்தேன். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். பெயர், செலவுக் கணக்கு, உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, கைவினைஞர் அட்டை, ஜிஎஸ்டி, அதற்குப் பிறகு வெளிநாடு.

கீழே சொல்லும் கட்டணங்கள் நாங்கள் கட்டியவை. கட்டும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆக்குங்கள்

சித்தப்பாவின் ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால். பான் அட்டையில் தாத்தா பெயர் முழுதாகப் பின்னால். வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லை. முப்பது வருடம் இதனால் ஒரு தொல்லையும் வரவில்லை, ஏனென்றால் கூலி கையில் வந்தது. பதிவு என்று உட்கார்ந்ததும் ஒவ்வொரு இணையதளமும் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பியது.

ஆதாரைத்தான் முதலில் திருத்த வேண்டும். மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான் சரிபார்க்கப்படும். சேவை மையத்தில் பெயர்த் திருத்தத்துக்கு 75 ரூபாய். அதே சமயம் இப்போது கையில் இருக்கும் கைபேசி எண்ணையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பழைய எண் ஆதாரில் இருந்தது, அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. ஓடிபி வராவிட்டால் இந்தக் கட்டுரையில் உள்ள எதையுமே செய்ய முடியாது.

அடுத்தது பான். திருத்தத்துக்கு 107 ரூபாய், எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. ஆதாரோடு பானை இணைக்காமல் விட்டிருந்தால் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் தனி. கடைசியாக வங்கி. இரண்டு நகலும் ஒரு கடிதமும் கொடுத்தால் போதும். மொத்தம் ஒரு மாதம் ஒதுக்குங்கள். அந்த மாதம் சும்மா போகாது, அடுத்த வேலை இருக்கிறது.

2. ஒரு பைக்கு உண்மையில் என்ன ஆகிறது என்று எழுதுங்கள்

“தோல் காசு, பக்கிள் காசு, மேல ஒரு ஐந்நூறு. அவ்ளோதான்ம்மா” என்பது சித்தப்பாவின் விலைக் கணக்கு. அந்தக் கணக்கில் அவருடைய கூலி மணிக்கு நாற்பது ரூபாய் கூட வரவில்லை என்று உட்கார்ந்து போட்டுக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அவர் அதிகம் செய்வது தோளில் மாட்டும் பை. அகலம் 38 செ.மீ., உயரம் 33, அடிப்பக்கம் 10. முன், பின், சுற்றுப்பட்டை, வார், உள்ளே ஒரு பாக்கெட் எல்லாம் சேர்ந்து நாலரை சதுர அடித் தோல் போகும். ஆனால் நாலரை அடி வாங்கினால் பை வராது. தோலில் கொசுக்கடி, முள் கீறல், கத்தி பட்ட இடம், தளர்ந்த வயிற்றுப் பகுதி எல்லாம் கழியும். ஆறு சதுர அடி என்று போடுங்கள். எங்கள் கணக்கு இது:

தோல், 6 சதுர அடி, அடி 140 வீதம்: 840
லைனிங் துணி: 80
நூல், தேன்மெழுகு: 40
பித்தளை பக்கிள், ரிவெட், ஜிப்: 220
பசை, ஓரத்துக்குப் பூசும் மை: 40
கூலி, 12 மணி நேரம், எட்டு மணிக்கு 900 வீதம்: 1,350
வாடகை, கரண்ட், கருவித் தேய்மானம்: 150
பெட்டி, துணி உறை: 80

மொத்தம் 2,800 ரூபாய். நாங்கள் விற்பது 3,800-க்கு. மிச்சம் ஆயிரத்தில் விற்காமல் நின்றுபோகும் பை, இலவசமாகச் செய்துதரும் பழுது, கண்காட்சிக்குப் போகும் வண்டிக்கூலி எல்லாம் அடங்கும். இரண்டாயிரத்துக்குத் தோல் பை கிடைக்கிறதே என்று கேட்பவர் வருவார். கிடைக்கும். பன்னிரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்று அவருக்குக் காட்டுங்கள்: ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக இழுக்கும் தையல் அது. மெஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகப் பிரியத் தொடங்கும். இதில் ஒன்று அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி பிடித்துக்கொள்ளும். நாங்கள் மேசையில் அறுத்தே காட்டுகிறோம்.

இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். கடன் கேட்கும்போது வங்கியிலும், பில் போடும்போது ஆடிட்டரும் இதைத்தான் கேட்பார்கள்.

3. தோல் வாங்கும்போது பில் வாங்குங்கள்

சென்னையில் சில்லறையாகத் தோல் வாங்கப் பெரியமேடுதான். சென்ட்ரலில் இறங்கி நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் பல கடைகள் சாத்தியிருக்கும், ஞாயிறு போகவே வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கத்துப் பதனிடும் ஆலைகளில் விலை குறையும், ஆனால் பத்துப் பன்னிரண்டு தோலுக்கெல்லாம் அங்கே மதிக்க மாட்டார்கள். ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய தோல் கிடைத்தால் லாபம்தான். ஆனால் அதே நிறம் மறுபடி கிடைக்காது. அதை நம்பி இருபது பைக்கு ஆர்டர் எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தோம். பதினான்காவது பையோடு நிறம் தீர்ந்தது.

பார்க்க வேண்டியவை: பைக்கு 1.6 முதல் 2 மி.மீ. கனம், வாருக்கு 3 மி.மீ. அல்லது இரண்டு தோலை ஒட்டித் தைப்பது. வாரை முதுகுப் பகுதியில் மட்டுமே வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதியில் வெட்டினால் ஆறு மாதத்தில் நீண்டு தொங்கும். பட்டைத் தோலா (மரப்பட்டை, காய்களில் பதனிட்டது) குரோம் தோலா (குரோமிய உப்பில் பதனிட்டது) என்று அறிய வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். குரோம் தோலில் நடுவே நீலச் சாம்பல் கோடு பெரும்பாலும் தெரியும். வேலம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோல் ஓரம் முழுக்கப் பழுப்பாக இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் கருத்துப்போய்ப் பிறகு உலரும். இரண்டும் நல்ல தோல்தான். வாங்குபவரிடம் எதைச் சொல்லி விற்கிறீர்களோ அது அதுவாக இருக்க வேண்டும், அவ்வளவே. பாம்பு, முதலை, உடும்புத் தோல் என்று யாராவது காதில் கிசுகிசுத்தால் நின்று கேட்கக்கூட வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தில் ஜெயில்.

பில் இல்லாமல் அடிக்கு ஏழெட்டு ரூபாய் குறைத்துத் தருவார்கள். நான் முதல் மூன்று முறை அப்படித்தான் வாங்கினேன். பிறகு ஜெர்மனியிலிருந்து ஒருவர், இந்தத் தோல் எங்கே பதனிட்டது என்று எழுத்தில் கேட்டார். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. ஜிஎஸ்டி எடுத்தபின், தோலுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் பில் வேண்டும். பதனிட்டு முடித்த தோலுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆகிவிட்டது, ஆகவே பில்லைத் தவிர்த்து மிச்சம் பிடிப்பதில் முன்பிருந்த ருசிகூட இல்லை.

4. உத்யம் பதிவு: செலவு ஒன்றுமில்லை

குறு, சிறு தொழில் என்று மத்திய அரசில் பதியும் எண் இது. கட்டணம் கிடையாது. எந்த நகலும் ஏற்ற வேண்டாம். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண், பட்டறை முகவரி, தொழில் எண், எவ்வளவு முதலீடு என்ற விவரம் போதும். உட்கார்ந்து செய்தால் அரை மணி நேரம்.

நான் 2,500 ரூபாய் கொடுத்தேன். தேடுபொறியில் முதலில் வந்த தளம் அரசுத் தளம் மாதிரியே சிங்க முத்திரையெல்லாம் போட்டு இருந்தது. பணம் கட்டியதும் ஒருவர் கூப்பிட்டு ஓடிபி கேட்டார், நானும் சொன்னேன்! அசல் தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியும், பணம் கேட்காது. பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

தொழில் எண் கேட்கும் இடத்தில் கவனம். பை, கைப்பை, சேணம் வகைகளுக்கு 1512 என்ற தொகுதி. காலணி 152. சித்தப்பாவைப் பார்த்ததும் ‘செருப்புத் தொழில்தானே’ என்று இரண்டு அலுவலகங்களில் அவர்களாகவே எழுதப் பார்த்தார்கள். தோல் தொட்டவர் என்றாலே செருப்பு என்று முடிவு கட்டும் புத்தி இன்னும் போகவில்லை. சான்றிதழில் காலணி என்று ஏறிவிட்டால், பின்னால் ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

உத்யம் சான்றிதழ் கையில் வந்ததும் கடைப் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்குங்கள். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று மூன்று வங்கிகளிலாவது கேளுங்கள், வித்தியாசம் மலைக்க வைக்கும்.

5. கைவினைஞர் அட்டையும் நலவாரிய அட்டையும்

இரண்டும் வேறு. இரண்டையும் எடுங்கள். இரண்டுமே இலவசம்.

கைவினைஞர் அடையாள அட்டையை ‘பெஹ்சான்’ என்பார்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு தருவது. விண்ணப்பம் இணையத்தில், ஆதாரும் வங்கி விவரமும் புகைப்படமும் வேண்டும். பிறகு அதிகாரி வேலையை நேரில் பார்ப்பார். இதற்குத் தயாராக இருங்கள். எங்களிடம் வந்தவர், “இப்ப தைச்சுக் காட்டுங்க” என்றார். அன்று சித்தப்பா கருவிப் பெட்டியை ஒரு நண்பரிடம் கொடுத்திருந்தார். மறுபடி அவர் வர ஏழு வாரம். பாதி தைத்த பை ஒன்று, குத்தூசி, தோல் சீவும் கத்தி, நூல் எல்லாம் பட்டறையிலேயே இருக்கட்டும். முடிந்த பையை மட்டும் காட்டினால், எங்காவது வாங்கி வைத்ததோ என்ற சந்தேகம் வருவது இயற்கை. இந்த அட்டை இருந்தால் அரசு நடத்தும் கைவினைச் சந்தைகளில் இடம் கேட்கலாம். ஜவுளி அமைச்சகமே நடத்தும் ‘இந்தியா ஹேண்ட்மேட்’ இணையக் கடையில் கமிஷன் இல்லாமல் விற்கலாம்.

நலவாரியம் தமிழ்நாடு அரசுடையது. காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்குத் தனி வாரியமே இருக்கிறது. வயது 18 முதல் 60 வரை. பிள்ளைகள் படிப்புக்கு, திருமணத்துக்கு, விபத்துக்கு உதவி, 60 வயதில் ஓய்வூதியம். சித்தப்பா முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறைகூடப் பதியவில்லை, யாரும் சொல்லவில்லை. என் தங்கை கல்லூரி முடித்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

6. ஜிஎஸ்டி: வேண்டுமா, எப்போது?

எல்லோரும் தடுமாறும் இடம் இது, ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக்குள் மட்டும், நேரடியாக, வருடம் 40 லட்சத்துக்குள் விற்றால் பதிவு கட்டாயமில்லை. மாதம் பதினைந்து பை தைப்பவருக்கு அந்த எல்லை வெகுதூரம்.

பெங்களூருக்கோ மும்பைக்கோ அனுப்பினால்? பொதுவாக, வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்றால் ஒரு ரூபாய்க்கும் பதிவு வேண்டும். ஆனால் பெரும்பகுதி கையால் செய்த கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு, தோல் பையும் பர்ஸும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வருட விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பான் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாதது: இந்த விலக்கில் அனுப்பும் பொருளுக்கு, விலை எவ்வளவு குறைந்தாலும் ஈ-வே பில் (சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் சீட்டு) போட வேண்டும். ஐம்பதாயிரத்துக்கு மேல்தான் ஈ-வே பில் என்று கூரியர்காரரே அடித்துச் சொல்வார். அது மற்றவர்களுக்கு.

பெரிய இணையக் கடைகளில் விற்பது வேறு கணக்கு. பதிவில்லாதவர் அங்கே சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம், 2023 அக்டோபரில் வந்த சலுகை இது. நாடு முழுக்க விற்க ஜிஎஸ்டி எண் கட்டாயம்.

பதிவு எடுக்கக் கட்டணமில்லை. ஆதார், பான், படம், வங்கிக் காசோலை நகல், பட்டறை முகவரிச் சான்று வேண்டும். வாடகை இடமென்றால் ஒப்பந்தமும், உரிமையாளரின் சம்மதக் கடிதமும், அவர் பெயரில் உள்ள மின் கட்டண ரசீதும். எங்கள் வீட்டுக்காரருக்கு ‘ஜிஎஸ்டி’ என்ற சொல்லைக் கேட்டதும் வீடே பறிபோய்விடும் போல ஒரு பயம். மூன்று ஞாயிறு டீ குடித்துப் பேசிச் சம்மதிக்க வைத்தோம். மின் ரசீது இறந்துபோன அவருடைய அப்பா பெயரில் இருந்ததால் இன்னொரு மாதம் போனது. இதை முன்கூட்டியே பாருங்கள்.

இப்போது வரி சதவீதம். இங்கேதான் எங்கள் முதல் ஆடிட்டர் சறுக்கினார். கைவினைக் கைப்பைகளுக்குச் சலுகை வரி உண்டு, முன்பு 12, 2025 செப்டம்பர் 22 முதல் 5. அவர் அதையே எல்லாப் பைக்கும் போட்டுவிட்டார். ஜிஎஸ்டியில் ஒவ்வொரு பொருள் வகைக்கும் ஓர் எண் (எச்எஸ்என்) உண்டு. சலுகைப் பட்டியலில் என்னென்ன எண்கள் என்று எண்ணுக்கு எண் பாருங்கள். பையின் வெளிப்பக்கம் தோல் என்றால் அதன் எண் 4202 21. அந்தப் பட்டியலில் 4202 22, 29, 31, 32, 39 என்று வரும், 21 வராது. அதாவது கையால் தைத்த தோல் பர்ஸுக்குச் சலுகை கேட்கலாம், தோல் கைப்பைக்கு 18 சதவீதம். லேப்டாப் பைக்கும் அதேதான். பர்ஸுக்குக்கூட, கையால் செய்ததாக இருந்தால் மட்டும் போதாது, குறிப்பிடத்தக்க அலங்கார வேலை இருக்க வேண்டும் என்கிறது விதி. எந்த ஒப்பனையும் இல்லாத பர்ஸை அதில் சேர்ப்பது வம்பு. பதினோரு பில்லைத் திருத்தி, வித்தியாசத்தை வட்டியோடு நாங்கள் கட்டினோம்.

‘காம்போசிஷன் போடுங்க, ஒரு சதவீதம்தான்’ என்றும் யோசனை வரும். சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை அது. அதில் சேர்ந்தால் வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாம் சென்னையிலேயே இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பதிவு எடுத்தபின், விற்பனை இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் உண்டு. தவறினால் தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும். ஆகவே தேவை வராமல் எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தது இணையக் கடைக்கும் வெளிநாட்டுக்கும்தான்.

7. கடன்

நீளமாகச் சொல்ல இதில் எனக்கு அனுபவமில்லை, சித்தப்பா கடன் என்றாலே எழுந்து போய்விடுவார். மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றிக் கேளுங்கள். 35 வயதுக்கு மேற்பட்ட கைவினைஞருக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், மானியம் 50,000-ஐத் தாண்டாது, வட்டியிலும் சலுகை என்று வந்த திட்டம். உங்கள் வேலை எந்தத் தொழிலின் கீழ் வருகிறது, திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். ஆதிதிராவிடர் சமூகத்தவர் தாட்கோவிலும் விசாரிக்கலாம், சாதிச் சான்று கையில் இருக்கட்டும். மெஷினுக்கு விலைப்புள்ளி கேட்பார்கள், கடைக்காரரிடம் கடைத்தாளில் வாங்குங்கள். மானியத்தை முன்னால் கையில் தருகிறேன் என்று சொல்லும் தரகரிடம் கும்பிடு போட்டுவிடுங்கள்.

8. பையின் மேல் என்ன எழுதலாம்

சொந்தப் பெயரைப் பொறிக்கத்தானே இவ்வளவு பாடு. பித்தளை அச்சு 1,800 ரூபாய்க்குச் செய்தோம். அச்சு செய்யுமுன் அந்தப் பெயர் வேறு யாருக்காவது பதிவாகியிருக்கிறதா என்று வணிகச் சின்னத் தளத்தில் தேடுங்கள், தேடுவது இலவசம். தோல் பைக்கு வகுப்பு 18. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் 4,500 ரூபாய், பதிவானால் 10 வருடம். முதல் வருடமே வேண்டியதில்லை, பெயர் ஓடுகிறதா பார்த்துவிட்டுச் செய்யலாம்.

இன்னொரு ஆசையும் வரும். நம் ஊர்ப் பட்டைத் தோலுக்கு ‘இ.ஐ. லெதர்’ என்று புவிசார் குறியீடு இருக்கிறது. பட்டைத் தோலில் தைத்ததாலேயே அந்தப் பெயரை அச்சிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்தவர்களுக்குத்தான் உரிமை. ‘பட்டையில் பதனிட்ட தோல், கையால் தைத்தது’ என்று எழுதுங்கள். அது உண்மை, யாரும் கேட்க முடியாது.

9. வெளிநாட்டுக்கு அனுப்ப

முதலில் ஐஇசி என்ற ஏற்றுமதி எண். 500 ரூபாய், இணையத்தில். பான், முகவரிச் சான்று, வங்கிக் காசோலை நகல். பெயரெல்லாம் பொருந்தியபின் விண்ணப்பித்ததால் எங்களுக்கு மறுநாளே வந்தது. அதற்கு முன் இரண்டு முறை நிராகரிப்பு, காரணம் முதல் பகுதியில் சொன்ன தலைப்பெழுத்து. எண் கிடைத்தபின், ஒவ்வொரு வருடமும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் உள்ளே போய் ‘மாற்றமில்லை’ என்றாவது உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் செயலிழந்துவிடும்.

இரண்டாவது, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி என்ற உறுதிமொழி. இலவசம். நிதியாண்டுக்கு ஒன்று, ஏப்ரலில் மறக்காமல் புதிதாகப் போடுங்கள்.

அனுப்புவதற்கு அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையமான ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ போதும். தளத்தில் ஏற்றுமதிச் சீட்டைப் பூர்த்தி செய்து, பில் நகலோடு பெட்டியைக் கொடுக்க வேண்டும். விலையை உள்ளபடி எழுதுங்கள். ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்லி வாங்குபவரே கெஞ்சினாலும் எழுதாதீர்கள், என் பூஞ்சைப் பையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுக்கு நாடு விவகாரம் வேறு. அமெரிக்காவில் 800 டாலருக்குள் வரியில்லை என்ற பழைய சலுகை 2025 ஆகஸ்ட் 29-உடன் போய்விட்டது. வரியை யார் கட்டுவது என்று பணம் வாங்குமுன் எழுத்தில் பேசுங்கள், விகிதமும் அனுப்பும் வாரத்தில் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குரோம் தோல் என்றால் சோதனைச் சான்று கேட்பார்கள். அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதனை செய்துகொள்ளலாம். தோல் துண்டு கொடுக்கும்போது எந்தக் கட்டிலிருந்து எடுத்தது என்று குறித்து வையுங்கள், அடுத்த கட்டுக்கு அந்தச் சான்று செல்லாது. அதோடு 2024 டிசம்பர் 13 முதல், அங்கே உள்ள தனிநபருக்கு விற்கும் பொருளுக்கு ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் வேண்டும் என்ற விதி இருக்கிறது. மாதம் இரண்டு பைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஜெர்மனிக்காரருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டோம். இப்போதைக்குச் சிங்கப்பூர், கனடாவோடு நிறுத்தியிருக்கிறோம்.

10. ஆர்டர் எடுக்கும்போது

பாதிப் பணம் முன்னால். அளவு, நிறம், வார் நீளம், தேதி எல்லாம் வாட்ஸாப்பில் எழுதி ‘சரி’ வாங்குங்கள். வார் நீளத்தை இஞ்சில் கேட்காதீர்கள், அவர் இப்போது மாட்டும் பையின் வாரை அளந்து படமாக அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு நாலு பை திரும்பி வந்தது.

நாள் சொல்லும்போது சித்தப்பா எப்போதும் “அடுத்த வாரம்” என்பார். நான் மூன்று வாரம் என்று எழுதுவேன். ஐப்பசி, கார்த்திகையில் ஐந்து வாரம். மழையில் பசை காயாது, ஓரத்தில் பூசிய மை ஒட்டும், பட்டைத் தோலில் இரண்டு நாளில் பூஞ்சை பூக்கும். அந்த மாதங்களில் முடிந்த பையை பிளாஸ்டிக் உறையில் போடவே கூடாது, பருத்தித் துணி உறை, உள்ளே பழைய செய்தித்தாள். கூரியர் பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் இரண்டு.

ஒவ்வொரு பையோடும் அதே நிற நூல் இரண்டு மீட்டர் சுற்றி வைக்கிறார் சித்தப்பா. எந்த ஊரில் தையல் விட்டாலும் பக்கத்தில் இருக்கும் ஒருவர் போட்டுக்கொடுத்துவிடுவாராம். நூலுக்கு ஆகும் மூன்று ரூபாயை நான் இன்னும் கணக்குத் தாளில் ஏற்றவில்லை.